வேங்கை பூக்கும் நாட்கள்

மலைத் தேனீக்களெல்லாம் காடெங்கும் படர்ந்துவிட்ட உண்ணிச்செடிப் பூக்களுக்கே போய்விட்டன. மிஞ்சிய இரண்டு வேங்கை மரங்களுக்கும் தூரிகையால் மகரந்தம் வைப்பது மாதியின் வேலை. அவள் கணவன் சடையன் உண்ணிச்செடி வெட்டுபவன். அவன் உடம்பில் ஒட்டிவந்த அந்தச் செடியின் மகரந்தம் போன வருடம் அவள் கைவழியே வேங்கைப் பூக்களில் படிந்ததால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அதனால் இந்தமுறை பூக்கும் நாட்களில் அவன் தனிக் கொட்டகையில் தங்கினான்.

இன்று காலை காலில் வெட்டுப்பட்டு, ரத்தம் சொட்ட மரத்தடிக்குத் தவழ்ந்து வந்தான்.

“கிட்ட வராத புள்ள. யாரையாச்சும் கூப்பிடு.”

“அவங்க வர்றவரைக்கும் நீங்க தாங்கமாட்டீங்க.”

மாதி ஏணியிலிருந்து இறங்கிவந்து, சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது.

பிறகு தோல் எரியும்வரை கைகளைக் கழுவினாள். மகரந்தம் வைக்காத பாதிப் பூக்கள் மிச்சமிருந்தன, நாளை உதிர்ந்துவிடும். தொடாவிட்டால் காய்க்காது. தொட்டால் எல்லாமே கெட்டுவிடுமோ என்று பயந்து, மாலைவரை ஏணியடியிலேயே நின்றாள்.