இடது கைக்காரி

“அப்பா இல்ல சார்,” என்றாள் பூவிழி.

லாஸ்பேட்டை மைதானத்தில் புதுச்சேரி பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர் தெய்வசிகாமணி தலையைச் சாய்த்து இடது காதைக் கொடுத்தார். வலது காது அவருக்குக் கேட்காது.

“அதான் இனிஷியல் அம்மா பேருல இருக்குதா?”

“ஆமா சார். அம்மா இங்க மேட்டுப்பாளையத்துல கம்பெனி வேலைக்குப் போவுது.”

“பந்து போட யாரு கத்துக்குடுத்தது?”

“வீட்டுலதான்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “டிவி பாத்து சார்.”

தெய்வசிகாமணி யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பின்னால் சாய்ந்து, ஒற்றைக் காலில் எழும்பி, இடது கையால் அவள் போட்ட அந்த வீச்சை அவர் டிவியில் பார்த்ததில்லை. நேரில் பார்த்திருக்கிறார்.

“சக்கரபாணின்னு ஒருத்தன். கேள்விப்பட்டிருக்கியா? இதே மாதிரிதான் போடுவான். ஊரே வாயப் பொளந்துக்கினு பாக்கும்.”

பக்கத்தில் இருந்த செந்தமிழ்ச்செல்வி மேடம் சிரித்தார். “ஆரம்பிச்சிட்டாரு. இனி காதக் காட்டாம விடமாட்டாரு.”

“உனக்கென்னம்மா, வாங்குனவன் நானு. ஃபைனல்ல ஃபவுல் குடுத்தேன்னு ஒரே அறை. ரெஃபரியா போனவன் செவிடனா வீட்டுக்கு வந்தேன். இந்தியாவுக்கு ஆட வேண்டிய பய. அவன் போட்ட ஒரு பாஸ்கெட்டாவது இன்னிக்கு யாருக்காவது ஞாபகம் இருக்குதா? அறைதான் இருக்குது.”

பூவிழி தரையைப் பார்த்தாள்.

“நீ அவன் வகையறாவா? இப்பவே சொல்லிடு. அவன் ரத்தம்னா, நான் இருக்கிற வரைக்கும் டீமுல கால் வைக்க முடியாது.”

“அந்த மாதிரி ரவுடிய எல்லாம் எங்க வாசல்ல கூட நிக்க வைக்க மாட்டோம் சார்.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

“சரி. நீ செலக்ட். ஆட்டத்துல கோவம் மட்டும் வேணாம்.”

மற்ற பெண்களின் பெற்றோர் கேட்டிலேயே நின்றிருந்தார்கள். பூவிழி அவர்களைத் தாண்டித் தெருமுனை வரை நடந்து, மரத்தடியில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். தலையில் துண்டைப் போட்டிருந்த டிரைவர் திரும்பினார்.

“கெடச்சிதா?”

“கெடச்சிது.”

“சக்கரபாணியப் பத்திக் கேட்டிருப்பாரே.”

“கேட்டாரு.” அவள் குரல் உடைந்தது. “ரவுடின்னு சொல்லிட்டேன்.”

அவர் வண்டியைக் கிளப்பவில்லை. தலையில் இருந்த துண்டை உருவி இடது கையால் அவளிடம் நீட்டினார்.

“அழுவாதம்மா, அப்பா சொல்லிக்குடுத்ததத்தான சொன்ன.”