லாட்ஜ் செலவு மிச்சம்

“எதுக்கு மருதா இத்தன மொளகாப்பொடி?” என்று கேட்டார் ஆறுமுகசாமி.

மருதாத்தாள் பொட்டலத்தைச் சேலை மடிப்புக்குள் செருகி, பையை இழுத்துக் கட்டினாள். “மலை மேல எல்லாமே ஆன வெலைங்களாமா. இங்கிருந்தே கொண்டுபோனாக் காசு மிச்சமுங்க.”

எருத்தேன்பதியில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, ஒரு தடவை மூணாறு பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு மாதம் தவறாமல் மலைக்குப் போய் வருகிற மனுஷர், அவளைக் கூட்டிப்போகச் சொன்னால் மட்டும் செலவுக் கணக்குப் பாடுவார். இந்தச் சித்திரையில், தன் காசிலேயே போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும் மறு பேச்சுப் பேசவில்லை.

“தங்கறதுக்கு?”

“எங்க அத்தை மக ஒருத்தி அங்க குடியிருக்கறாளுங்க. அவ ஊட்டுல தங்கிக்கறேன்.”

“அப்பச் சரி. லாட்ஜுல கொண்டுபோயிக் காசக் கொட்டாத. கட்டுச்சோறு எடுத்துக்க. சுத்திப் பாக்கறதுக்கு ஜீப்பு வெக்காத, பஸ்ஸே போகுது.” யோசனைகளை அள்ளி விட்டார். “நானும் நாளைக்கு லோடோட கெளம்பறேன். வர ஒரு வாரம் ஆகும்.”

மூணாறு என்று பேச்செடுத்ததிலிருந்து மருதாத்தாள் அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னச் சலனம்கூட இல்லை. நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். என்ன நெஞ்சழுத்தம் இந்த ஆளுக்கு என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மலையில் அவளுக்கு அத்தை மகள் யாரும் கிடையாது. அங்கே இருந்தது சாந்தம்மாள்.

ஆறுமுகசாமியின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த மொக்கையன், வேலையை விட்டுப் போன அன்று சொன்ன விஷயம் அது. மூணாறுக்குப் பக்கத்துச் சித்திரபுரத்தில், கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தகரக் கூரை வீடு. “மொத சம்சாரம் செத்துப்போச்சுன்னு சொல்லித்தானுங்க அந்தப் புள்ளையக் கட்டீட்டாரு. மனசு கேக்கலீங்க, அதான் உங்ககிட்டச் சொல்றேன்.” போன வருஷம் பொங்கல் சமயம்.

அன்றைக்கு அவள் அழவில்லை. புருஷனிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் சத்தியம் பண்ணுவார். அந்தப் பக்கம் அவளை வேறு ஊருக்குக் குடிமாற்றி விடுவார். ரெண்டு பேரையும் ஒரே வீட்டில், ஒரே பாயில் பிடிக்க வேண்டும்.

முட்டை விற்றது, மோர் விற்றது, எல்லாம் புளிப்பானைக்குள் போயிற்று. ஒவ்வொரு தடவை காசு போடும்போதும், தன்னை உயிரோடு சாகடித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் முகத்தை மருதாத்தாள் மனசுக்குள் வரைந்து பார்ப்பாள். கொழுகொழுவென்று, கழுத்து நிறைய நகையோடு, தன் தேங்காய்த் தோப்பைத் தின்று பளபளத்த முகம்.

அவர் லாரி ஏறிய மறுநாள், பிள்ளைகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு அவள் புறப்பட்டாள்.

உடுமலையில் பஸ் மாறி, மறையூர் தாண்டியதும் குளிர் ஏறியது. முன் ஸீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மடியில் டிரான்சிஸ்டரைப் பாடவிட்டு, சரிவையும் பனியையும் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டது. எத்தனையோ வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட மலை ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் எதுவும் படவில்லை. சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை மட்டும் உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே வந்தாள்: செத்துப்போனவ வந்திருக்கறேன், கதவத் தொற.

சித்திரபுரத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமாக இல்லை. பக்கத்தில் லாரியைக் காணோம். கடைகளுக்கு லோடு இறக்கப் போயிருப்பார், வந்து இந்தக் கூத்தையும் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்து வலது கை நிறைய மிளகாய்ப்பொடியை அள்ளி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இடது கையால் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது.

சாயம் போன சேலையும் தலையில் சுற்றிய கம்பளித் துண்டுமாக ஓர் ஒல்லிப் பெண் நின்றாள். காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தது. மருதாத்தாளுக்கு உருட்டி வைத்த வார்த்தை வரவில்லை.

“யாரு வேணும்?”

“ஆறுமுகசாமி ஊடு இதுதான?”

அந்தப் பெயரைக் கேட்டதும் சாந்தம்மாளின் முகம் மாறியது. அவளை மேலும் கீழும் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் கையை விட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள்.

“உன்னத் தேடி வாறதுக்குத்தான் பஸ்ஸுக்குக் காசு சேத்துக்கிட்டு இருக்கேன். நீயே வந்து நிக்க. செலவு மிச்சம்.”

மருதாத்தாள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். “என்னையத் தேடியா? நான் யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாம என்ன? ஒரு வருசமா எம் புருசன இந்தப் பக்கமே விடாம வச்சிருக்கிற பீர்மேட்டுக்காரி நீதான?”