பொட்டு வைத்த கம்ப்ரசர்

ஒரு பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள் ஒரு பெல்ட் இருந்தது. ஏசி கம்ப்ரசரைச் சுழற்றுவது அதன் வேலை. முதல் கம்ப்ரசர் தேய்ந்து உடைந்தபோது, அதன் இரும்புத் தூள் ஏசிக் குழாய்களெங்கும் பரவியது. இரண்டாவது கம்ப்ரசர் அந்தத் தூளைத் தின்றே செத்தது. இப்போது மூன்றாவது வந்திருந்தது, நெற்றியில் குங்குமப் பொட்டோடு.

"தம்பி, உன்னை மாட்டுறதுக்கு முன்னாடி குழாயைக் கழுவினாங்களா?" என்றது பெல்ட்.

"சூடம் காட்டினாங்க அண்ணே. முன் சக்கரத்துக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம் வெச்சாங்க."

"நான் குழாயைக் கேட்டேன்."

"பூசணிக்காயும் உடைச்சாங்க."

பெல்ட்டுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தலைதான் இல்லை.

"டேய், தூள் சிக்கி நீ இறுகி நின்னா, அறுந்து போறது நான்டா."

"நல்ல நாளும் அதுவுமா இப்படியா பேசுவீங்க? முதல்ல வாயைக் கழுவுங்க அண்ணே."

பதினோராம் நாள், ஒரு மலைப்பாதை ஏற்றத்தில் கம்ப்ரசர் இறுகி நின்றது. பெல்ட் அறுந்தது. இரண்டும் பட்டறைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

வண்டியில் புது பெல்ட்டும் புது கம்ப்ரசரும் ஏறின. குழாய்கள் அப்படியே இருந்தன. மெக்கானிக் சூடத்தைக் கொளுத்தினார்.

"தம்பி, குழாயைக் கழுவச் சொல்லு" என்று தரையிலிருந்து கத்தியது பெல்ட் அல்ல, பொட்டு அழியாத அந்தக் கம்ப்ரசர்தான்.

புது பெல்ட் தன் கூட்டாளியிடம் சொன்னது: "கீழே கிடக்கிறதுங்க பேச்சைக் காதுல வாங்காதே. அதுங்களுக்கு ஒரே ஒரு எலுமிச்சம்பழம்தானாம். நமக்கு நாலு சக்கரத்துக்கும் வெச்சிருக்காங்க."