நூற்றுப் பதினேழாவது மொழி

“அப்பா பேசின டேப்பு உங்ககிட்ட இருக்கும்ல சார்? ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்.”

கேட்டவள் படகுக்காரரின் மகள். பேராசிரியரின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர் எழுதிய புத்தகம். ஏதோ பள்ளிக்கூட நூலகத்துப் பிரதி, முதுகில் செலோடேப் ஒட்டியிருந்தது.

பேராசிரியர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார்.

இருநூற்றுப் பதினான்கு மொழிகளை வரிசையாக நிறுத்தி ஒப்பிட்ட புத்தகம் அது. எந்த மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும், எதில் முதலில் வரும், எதில் ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ஒரே சொல், எதில் ‘நாம்’ வேறு ‘நாங்கள்’ வேறு. மொழிக்கு நாற்பத்தெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஆம் அல்லது இல்லை.

நூற்றுப் பதினேழாவது மொழி, ஆற்றுக்கு அக்கரையில் ஒரே ஒரு ஊரில் மட்டும் பேசப்பட்டது. அதைத் தங்குதடையின்றிப் பேசத் தெரிந்தவர் என்று மிஞ்சியிருந்தவர் படகுக்காரர் ஒருவர்தான். அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் அவருடைய பேரையும் வயதையும் கடிதத்தில் எழுதியிருந்தார். மூன்று நாள் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்று பேராசிரியர் தேதி போட்டுப் பதில் எழுதினார்.

எழுதினாரே தவிர, போகவில்லை.

இக்கரை வரைக்கும் போனார். மழை. ஜலதோஷம். அக்கரையில் தங்க வசதியில்லை என்று யாரோ சொன்னார்கள். மூன்று நாளும் இக்கரை விடுதியில் போர்த்திக்கொண்டு படுத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. இக்கரை மொழிக்கான பதில்கள் கையில் இருந்தன. இரண்டும் அக்கா தங்கை மொழிகள்தானே, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாற்பத்தெட்டுக் கட்டங்களையும் அதைப் பார்த்தே நிரப்பினார். அச்சடித்தாற்போல் இருந்தால் சந்தேகம் வருமே என்று நாலைந்தை மட்டும் மாற்றிப் போட்டார்.

அதோடு விட்டாரா? மூன்று நாள் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன படகுக்காரருக்கு நன்றி என்று முன்னுரையில் பேர் போட்டு எழுதினார். நன்றி சொல்லிப் புளுகுகிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பத்து வருஷமாக ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியே அந்தப் புத்தகம் வாங்கிக் கொடுத்ததுதான். பதிப்பகத்தார் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி அனுப்பியது மட்டும் அவருக்குத் தெரியாது.

அப்பா போன மாதம் தவறிவிட்டார் என்று அவள் வந்ததுமே சொல்லியிருந்தாள். இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பேராசிரியர் வாயைத் திறந்தார்.

டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது, எவ்வளவோ பாடுபட்டும் மீட்க முடியவில்லை என்றுதான் வந்தது. பொய் சொல்லும்போது தன் குரல் இவ்வளவு கனிவாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. வெட்கமாக இருந்தது.

அவள் பெரிதாக ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. டேப் போனால் போகிறது, அந்த மூன்று நாளும் நீங்கள் வந்தது நிஜம்தானே என்று மட்டும் கேட்டாள்.

வந்தேன் என்றார். உன் அப்பா அருமையாகப் பேசினார், என்ன ஞாபகசக்தி என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் நீளமாக மூச்சு விட்டாள்.

“அப்பா சாகற வரைக்கும் யாருமே வரலைன்னுதான் சார் சொன்னாரு. மூணு நாளும் துறையிலயே காத்துக்கிட்டு இருந்தேன், ஒருத்தரும் வரலைன்னு. நான் அப்ப கல்யாணமாகி வேற ஊர்ல இருந்தேன். உங்க பேரே போட்டிருக்கேப்பான்னு புத்தகத்தைக் காட்டினா, தூக்கி எறிஞ்சாரு. வயசாயிடுச்சு, புத்தி தடுமாறிப்போச்சுன்னு நினைச்சு துடுப்பைப் பிடுங்கி வச்சுட்டோம். எங்கயாவது போயிடப்போறாருன்னு கதவையும் வெளியில பூட்டினோம். எட்டு வருஷம் சார். தப்பு பண்ணிட்டோமோன்னு அவர் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை.”

பேராசிரியர் யோசித்தார். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஒரே ஒரு வாக்கியம் போதும். எந்த மொழியில் சொன்னாலும் அது சின்ன வாக்கியம்தான்.

அவள் முகம் வந்தபோது இருந்ததைவிடத் தெளிந்திருந்தது. அந்த முகத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது அவருக்கே ஒட்டவில்லை.

அவள் புத்தகத்தைத் திறந்து அப்பா பேர் இருந்த பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். தம்பி மட்டும் இன்னமும் அப்பா சொன்னதையே நம்புகிறானாம், இவளோடு பேசுவதுகூட இல்லையாம். நீங்கள் வந்த தேதியை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவனிடம் காட்டுவேன் என்றாள்.

பேனாவை எடுத்தார். தேதியை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன.

எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.