சிவரஞ்சனி கன்சல்டிங்

“படம் வரையிற புள்ள போற வேலையா அது?”

சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார் மலையாண்டி.

சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் கன்சல்டிங் வேலை கிடைத்திருக்கிறது என்று மகள் சிவரஞ்சனி சொல்லி வாய் மூடவில்லை. அதற்குள் இந்தக் கோபம்.

கந்தர்வக்கோட்டையில் மலையாண்டியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் மகள் படம் வரைவாள் என்பது தெரியாதவர்கள் கிடையாது. முந்திரிக்கொட்டை வாங்க வரும் வியாபாரியைக்கூட வீட்டுக்குள் இழுத்துப்போய், சுவரில் அவள் வரைந்ததையெல்லாம் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவார். வந்தவர் நல்லதாக நாலு வார்த்தை சொல்லவில்லை என்றால் அன்றைக்கு வியாபாரம் இல்லை.

அப்படிப்பட்டவர் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். கேட்க வேண்டியதையெல்லாம் மனைவி காத்தாயி வழியாகவே கேட்டார். மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

“ஓட்டையை மறைச்சு, பளபளன்னு காட்டி, அடுத்தவன் தலையில கட்டுற வேலை அது. வாயத் தொறந்தா பொய் பேசணும். ஒன் மகளுக்கு அது வருமான்னு கேளு.”

சிவரஞ்சனிக்குச் சுருக்கென்றது. ஓவியக் கல்லூரியில் கூடப் படித்தவர்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். எம்.பி.ஏ. படிக்கப் போனபோதே நீ கெட்டுப்போய்விட்டாய் என்று ஒருத்தி மெசேஜ் போட்டிருந்தாள். அவர்கள் சொன்னது போகட்டும், அப்பா சொன்னதுதான் தாங்கவில்லை.

“தொழில்ல எங்க கோளாறுன்னு பாத்து, சரிபண்ண வழி சொல்றதுப்பா.”

“கோளாறு பாக்கத் தெரியணும்ல?” என்றார் சுவரைப் பார்த்து.

படத்தை வைத்துப் பிழைத்தால் காசு கொடுக்கிறவர் கேட்டதைத்தான் வரைய வேண்டும், சோற்றுக்கு இந்த வேலை இருந்துவிட்டால் தன் மனதில் இருப்பதை வரையலாம் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

அப்பா மனசு நோகப் போக மாட்டேன், கிளம்புகிற நாளிலாவது அவர் சம்மதம் சொல்லவில்லை என்றால் வேலையே வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். காத்தாயி பாடுதான் திண்டாட்டம். இரண்டு பேருமே பிடித்த பிடியில் நிற்கிற ஆட்கள்.

கிளம்புகிற நாள் காலையில் மலையாண்டியை வீட்டில் காணோம். போனையும் எடுக்கவில்லை.

“அவரு கெடக்காரு. நீ வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள் காத்தாயி.

“இல்லம்மா, நான் போகல” என்று பெட்டியைத் திரும்ப உள்ளே இழுத்தாள் சிவரஞ்சனி. கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம்.

மலையாண்டியின் புல்லட். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. மச்சினன் கேட்டும் கொடுக்காமல், அதனாலேயே மாமனார் வீட்டோடு மனஸ்தாபம் ஆன வண்டி. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

இறங்கி வந்தவர் ஆர்.சி. புக்கையும் சாவியையும் மகளிடம் நீட்டினார்.

“வச்சுக்க ஆத்தா. பஸ் ஸ்டாண்டுகிட்ட பழைய வண்டி வாங்கி விக்கிற கன்சல்டிங் வச்சிருக்கான்ல உதயசூரியன், அவன்ட்ட வெவரம் கேட்டேன். புதுசா தொழிலுக்கு வர்றவங்களுக்குக் கையில ஒரு வண்டியாவது இருக்கணுமாம். லாரியில ஏத்திவிடச் சொல்லிட்டேன்.”

சிவரஞ்சனி அம்மாவைப் பார்த்தாள். காத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எம்.பி.ஏ. படித்த மகள் சென்னையில் போய்ப் பழைய வண்டி விற்கப் போகிறாள் என்றல்லவா இத்தனை நாளும் மனுஷன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டுதான் இதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட அழுகை அதிகமாக வந்தது.

“அப்பா, அந்த வேலை…” என்று ஆரம்பித்தாள்.

“பயப்படாத. ஒனக்குப் பொய் பேச வராதுன்னுதான எனக்குக் கவலை? இந்த வண்டிக்குப் பொய்யே சொல்ல வேணாம், ஒரு கொறை கெடையாது. மொதப் போணி நம்ம வண்டியா இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, பெட்ரோல் டேங்கைத் துண்டால் இன்னொரு முறை துடைத்தார்.

“விக்கிறதுக்கு முன்னாடி மட்டும், இத ஒரு படம் வரஞ்சு எனக்கு அனுப்பிரு.”