அகதி வேஷம்

“ஒத்திகை வச்ச அன்னைக்குத்தான் ஒனக்கு லீவு கேக்குதோ?”

ஏழாம் வகுப்புக்கு இலங்கைப் போரைப் புரியவைக்க நாடகம் போடும் புது டீச்சர் ஜோஸ்பின் வெடித்தார். அகதிப் பெண் வேஷத்துக்குத் தன் நல்ல சேலையையே கிழித்து ரெஜினாவிடம் கொடுத்திருந்தார்.

“அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போனியாடி?”

வகுப்பே சிரித்தது.

“அந்தச் சனங்க படுற பாடு ஒனக்கு எங்க தெரியப்போகுது? இனி ஷைனி நடிக்கட்டும்!”

“நடிக்கட்டும் மிஸ்.” கிழிந்த சேலையை மேசையில் வீசினாள் ரெஜினா. “நேத்து எங்க முகாம்ல தலை எண்ணுனாக. ஒரு ஆள் கொறைஞ்சாலும் பேரை வெட்டி, அரிசிய நிறுத்திருவாக. அடுத்த தடவை எனக்குப் பதிலா அந்த வரிசையில நிக்கவும் ஷைனிய அனுப்புவீங்களா?”