புருவ முடி

"அவசரப்படாதம்மா. பவுடர் போடாம உரிச்சா ரப்பர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். பிறகு முகத்தையே பிரிக்க முடியாது."

"நேத்துலருந்து இதையேதானளா சொல்லுத" என்றாள் அம்மா.

செலினுக்கு இது முதல் முகமூடி. நாடகத்துக்கென்று அவளும் அண்ணன் பெனிட்டோவும் விளையாட்டாகத் தொடங்கிய வேலை. அவன் முகத்தில் மாவுக்கட்டுத் துணியை ஒட்டி அச்சு எடுத்தார்கள். புருவத்தில் வாசலின் தடவ மறந்துபோனதால் பிய்த்தெடுக்கும்போது அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மறுவாரம் கப்பல் வேலைக்குப் போனான். கப்பலிலிருந்து தகவல் நின்று நாற்பது நாளாகிறது. அச்சில் ரப்பர் பாலை ஊற்றச் சொன்னது அம்மாதான்.

செலின் ஓரத்தைக் கிள்ளி, பவுடரைத் தூவித் தூவி உரித்தாள். தாடை வந்தது, மூக்கு வந்தது. நெற்றி வரும்போது அச்சு இரண்டாக உடைந்தது. இனி இந்த ரப்பர் முகம் ஒன்றுதான். ரப்பரின் இடது புருவத்தில் ஏழெட்டு முடிகள் நட்டுக்கொண்டு நின்றன. அண்ணனுடைய சொந்த முடிகள். அம்மா அவற்றை விரல் நுனியால் நீவிக்கொடுத்தாள். திடீரென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏன் கண்ணை மூடியிருக்கான்?"

"அச்சு எடுக்கும்போது மூடித்தான் ஆகணும்மா."

"அவன் உறங்கும்போதுகூட இப்படி இருக்க மாட்டான்."

செலின் முகமூடியைத் தூக்கிப் பிடித்தாள். மூடிய இமைகளுக்குப் பின்னால் அவளுடைய விரல்கள் மட்டுமே இருந்தன. அம்மா தையல் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவந்து நீட்டினாள்.

"எம்பிள்ளை உசுரோட இருக்காம்ளா. கண்ணைத் திறந்து விடு."